கோபம் குடித்த யெஸ்டி

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நம்பாதவர்கள் காளவாசல் தெருவுக்கே போய் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒன்பது வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தில் ஊறிக் கிடந்த வெயிலுமுத்துவின் யெஸ்டி பைக், பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் இடத்தைச் சுத்தம் பண்ணுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்த ஒரே காரணத்துக்காக, ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் குட்டியானை வண்டியில் ஏறித் தெருவுக்குத் திரும்பி வந்தது. வெயிலுமுத்து திரும்பி வரவில்லை. வண்டிதான் வந்தது, அதுவும் முக்கால்வாசிதான் வந்தது.

ஹெட்லைட்டை எவனோ கழற்றியிருந்தான், ஸ்பார்க் பிளக்கை இன்னொருத்தன் கழற்றியிருந்தான், சீட்டுக்குள் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, செயின் ஒரே இரும்புக் கட்டியாக இறுகிப் போயிருந்தது. இறக்கிவைத்த போலீஸ்காரர் கையைத் தட்டிக்கொண்டு, "பழைய இரும்புக்குப் போட்டுருங்கம்மா, இத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய" என்றார். வெயிலுமுத்துவின் பெண்டாட்டி ஆவுடைத்தங்கம் கையெழுத்துப் போட்ட பேனாவை அவர் சட்டைப்பையில் சொருகி, "இரும்புக்குப் போடவா ஒம்பது வருஷம் ஒங்க ஸ்டேஷன் படியத் தேச்சேன்? போங்கய்யா, போயி ஒங்க பெரிய அதிகாரிக்குக் கோலம் போடுங்க" என்றாள். அவர் போனபிறகு முந்தானையால் டேங்க்கின் இடது பக்கத்தைத் துடைத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பெயிண்ட் கீறல் அப்படியே இருந்தது. சுற்றிலும் தின்ற துரு அதை மட்டும் தின்னவில்லை.

அந்தத் தெருவில் மஞ்சள் என்றால் ஒன்றுதான், குவாரி லாரி. மலையை உடைத்த ஜல்லியை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒன்றன் பின்னால் ஒன்றாக அந்த லாரிகள் காளவாசல் தெரு வழியாகத்தான் போகும், கொடியில் காயும் துணியிலும் உலையில் கொதிக்கும் சோற்றிலும் பிள்ளைகளின் மூக்கிலும் வெள்ளைத் தூசியை இறைத்துக்கொண்டு போகும். ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, மாவு மில்லுக்கு எதிரே, அதில் ஒன்று வெயிலுமுத்துவை வண்டியோடு தூக்கிச் சாக்கடைக் கரையில் எறிந்துவிட்டுப் போனது. 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். மஞ்சள் பெயிண்டைக் காட்டினாள். குவாரியில் இருபத்திரண்டு மஞ்சள் லாரி ஓடுகிறது, எந்த லாரி என்று நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும், நம்பரைச் சொல்லும்மா நம்பரை என்றார்கள்.

நம்பரைப் பார்த்தவர் ஒருத்தர் இருந்தார், மாவு மில் தவசிக்கண்ணு. அவர் மில் வாசலிலிருந்து பத்தடியில் நடந்த சம்பவம். ஆனால் அவரோ, "நான் உள்ள மாவு அரைச்சிக்கிட்டிருந்தேன், மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆவுடைத்தங்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள், கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்பது அவளுக்கு மனப்பாடம், அந்த வருஷம் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தெருவுக்கே கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாத நேரத்தில் மில் எப்படியய்யா ஓடும்? மில் நிற்கிற இடம் குவாரி முதலாளியுடையது, அதனால் மனுஷன் வாயில் மாவை அடைத்துக்கொண்டார், வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து ஆவுடைத்தங்கம் அரிசியைத் தூக்கிக்கொண்டு ரெண்டு தெரு தாண்டிப் போய் மாவரைத்தாள், போகும்போதும் வரும்போதும் அந்த மில் வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவர் முகத்தையே பார்த்தாள், அவர் குனிந்துகொள்வார், அவள் நகர்வாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அந்த நம்பர்.

வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி, கருகிப்போன மோட்டார்களுக்கு நடுவில் நாலு செங்கல்மேல் நிறுத்தினாள். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி எட்டிப் பார்த்து, "இது எதுக்கு மைனி வேண்டாத வேல?" என்றாள்.

"ஓட்டத்தான்."

"ஓட்டி?"

"அவரு இதுல ஏறித்தான போனாரு? பாதி வழியில நிக்கி. மீதிய நான் ஓட்டி முடிக்கேன்."

செல்லக்கிளிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சித்திரை போய், வைகாசி போய், ஆனி போய், ஆடிக் காற்றும் வந்தது. செயினை எட்டு நாள் மண்ணெண்ணெயில் போட்டுக் கண்ணி கண்ணியாகப் பிரித்தாள், இறுகிப்போன பிஸ்டனுக்குப் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊற்றி மரக்கட்டையால் தட்டித் தட்டி இளக்கினாள், கருகிய காயிலைப் பிரித்துத் தன் கையாலேயே புதுசாகச் சுற்றினாள், கிடைக்காத சாமானுக்கு மதுரையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி, "பொம்பளைக்கு எதுக்கும்மா யெஸ்டி" என்று கேட்டவனையெல்லாம் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டு வாங்கி வந்தாள்.

டேங்க்தான் பாடாய்ப் படுத்தியது. உள்ளே முழுக்கத் துரு. ஒரு எலுமிச்சம்பழ அளவா என்ன, ஒரு பானை நிறையப் புளியைக் கரைத்து ஊற்றி, லாரியிலிருந்து வாசலில் சிந்தின சிப்ஸ் ஜல்லியைப் பொறுக்கி நாலு கை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி மூடி, மடியில் வைத்துக் குலுக்கினாள். நாற்பது நாள் குலுக்கினாள். சும்மா குலுக்க முடியுமா, வாய் சும்மா இருக்குமா? ஓட்டினவனைத் திட்டினாள், ஓட்டச் சொன்ன முதலாளியைத் திட்டினாள், எழுதின ஏட்டையாவைத் திட்டினாள், வாய்தா வாய்தா என்று இழுத்த கோர்ட்டைத் திட்டினாள், மாவு மில் தவசிக்கண்ணுவை அவர் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டினாள், கடைசியில் வெயிலுமுத்துவையும் விடவில்லை, "ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போங்கன்னு அன்னைக்கும் சொன்னேனே, கேட்டீரா பாவி மனுஷா, கேட்டீரா" என்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு அழுதபடி குலுக்கினாள். நாற்பதாவது நாள் தண்ணீர் தெளிவாக வந்தது. மறுபடி துரு பிடிக்காமல் இருக்க உள்ளே விளக்கெண்ணெய் சுற்றிவிட்டாள். வெளிப்பக்கம் முழுக்க உரசிப் பளபளப்பாக்கியவள் அந்த மஞ்சள் கீறலை மட்டும் தொடவில்லை.

ஆவணியில் ஒரு காலை, பெட்ரோல் ஊற்றி உதைத்தாள். யெஸ்டியில் உதைக்கிற கம்பியேதான் கியர் கம்பியும், உதைத்து முடித்து முன்னால் மடக்கினால் கியராகிவிடும். அறுபது உதை உதைத்தாள், ஆடுசதை வீங்கிவிட்டது, வண்டி பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தால் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைத் தவிரக் குச்சி காய்ந்து வந்தது, பெட்ரோல் அத்தனையும் கார்பரேட்டர் வழியாக ஒழுகித் தரையில் போயிருந்தது. அவள் டேங்க் வாய்க்குமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஒரு மஞ்சள் லாரி வீடே அதிர ஹாரன் அடித்துக்கொண்டு போய், துடைத்துவைத்த வண்டிமேல் ஒரு கூடைத் தூசியைக் கொட்டியது.

"நாசமாப் போவானுகளா, ஒருத்தரத் தின்னது பத்தாதா? தெருவையே தின்னுட்டுத்தான் ஏப்பம் விடுவீகளா?"

குனிந்த வாக்கிலேயே கத்தியதால் அவ்வளவும் டேங்க்குக்குள் போனது. அதே வேகத்தில் ஓங்கி ஒரு உதை விட்டாள். வண்டி பிடித்துக்கொண்டது. ரெண்டு சைலன்சரும் படபடபடவென்று பேச, மிளகாய் வறுத்த நெடியோடு நீலப் புகை வீடு முழுக்கச் சூழ்ந்தது. மறுபடி ஈர்க்குச்சியை விட்டாள். ரெண்டு விரற்கடை நனைந்து வந்தது, செங்காவி நிறத்தில். முகர்ந்து பார்த்தாள், பெட்ரோல் இல்லை. "சரி" என்று மூடியை மூடினாள்.

ஆனால் அன்று சாயங்காலம் மாவு மில்லைக் கடந்து வீட்டுக்கு வந்தபிறகுதான், இன்றைக்குத் தவசிக்கண்ணுவின் முகத்தைப் பார்க்க நிற்கவே இல்லையே என்பது அவளுக்கு உறைத்தது. மனசு லேசாக இருந்தது. பகீரென்றது அவளுக்கு. மூடியைத் திறந்து பேசினால் கோபம் ஆளைவிட்டுக் கழன்று போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அன்றோடு அவள் டேங்க் வாயில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள், ரெண்டு நாள் பட்டினி கிடந்தவள் போலக் கோபத்தை மறுபடி தேடிச் சேர்த்துக்கொண்டாள்.

பேச்சுவாக்கில் இதைக் கேட்ட செல்லக்கிளி சும்மா இருப்பாளா? புருஷன் சீட்டாடிவிட்டு வந்த ஒரு மத்தியானம் அழுதுகொண்டே ஓடிவந்து, "மைனி, ஒரு நிமிசம் தெறங்க" என்று மூடியைத் திறந்து, பத்து நிமிஷம் குனிந்து கொட்டித் தீர்த்தாள். ஈர்க்குச்சியில் ஆறு விரற்கடை ஏறியது. செல்லக்கிளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, என்ன சொகமா இருக்கு" என்று வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்கு அப்பளம் பொரித்துப் போட்டாள். ஆவுடைத்தங்கம் அந்தக் கோபத்தில் கோவில்பட்டி வரை போய் ரெண்டு மோட்டாரை இறக்கிவிட்டு வந்தாள், வண்டி ஒரு இடத்தில் முக்கவில்லை.

அதற்குப் பிறகு தெருவே வந்தது. மாமியார் வந்தாள், அவள் போனதும் மருமகள் வந்தாள். பென்ஷனுக்கு அலைகிறவர் வந்தார், ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பையும் கையுமாக நேராக இங்கே வந்தார்கள். ஜெபமணி டீச்சர் தலைமையாசிரியரைப் பற்றி இலக்கண சுத்தமாகப் பேசிவிட்டுப் போவார், அந்தக் கோபம் தண்ணியாக இருக்கும், மேட்டில் வண்டி திணறும். செல்லக்கிளியினுடையது கெட்டி, இழுக்கும். வெறும் கோபத்தில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும் என்று ஆவுடைத்தங்கம் அளவு பார்த்து விளக்கெண்ணெய் கலந்தாள். சாமி பேரைச் சொல்லித் திட்டக் கூடாது, வண்டல் விழும் என்று ஒரு சட்டம் வந்தது. செத்தவர்களைத் திட்டுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை மட்டும் வரலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா பிரஷர் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால், "ஆவுடக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்து ஒருக்கப் பாக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்ட தெரு இப்போது 'எறக்கி வச்சாச்சா' என்று கேட்டது.

வராதவர் ஒருத்தர்தான். தவசிக்கண்ணு. மில் வாசலில் மாவு பூசிய இமையோடு உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆவுடைத்தங்கம் தலையைத் தூக்கினால் உள்ளே போய்விடுவார்.

டேங்க்குக்கு அடியில் ஒரு குழாய் உண்டு, வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஒரு பக்கம் திருப்பினால் ஓடும், எண்ணெய் தீர்ந்து வண்டி நின்றால் மறுபக்கம் திருப்பி அடியில் மிச்சமிருக்கும் ரிசர்வில் ஓட்டிக்கொள்ளலாம். தெருவின் கோபம் எல்லாம் எரிந்து தீர்ந்த நாளிலும் ஈர்க்குச்சியின் நுனி மட்டும் கறுப்பாக, தார் போலப் பிசுபிசுத்து வரும். ஆவுடைத்தங்கத்துக்கு அது என்னவென்று தெரியும். நாற்பது நாள் மூடி போட்டுக் குலுக்கின கோபம், அவளிடமும் இருக்கிறது டேங்க்கிலும் ஊறியிருக்கிறது, எரிந்தால்தான் போகும். அவள் ஒருநாளும் குழாயை ரிசர்வுக்குத் திருப்பவில்லை, வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியில் குவாரி மேனேஜர் கனகசபை வந்தான், வெள்ளைச் சட்டை, கையில் பழப் பை. "நல்ல காரியம் பண்ணுதியக்கா. சனங்க வெயில்ல நிக்காகளே, பாக்கச் சகிக்கல" என்று அன்றைக்கே ஆள்விட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டான், பெஞ்சு போட்டான், குடிதண்ணீர் டிரம் வைத்தான். டேங்க்கைத் தடவிப் பார்த்து, "இந்தக் கீறல மட்டும் விட்டுட்டியளே, நம்ம பெயிண்டர அனுப்பவா?" என்றான்.

"கைய எடும்."

எடுத்தான். சிரித்தான்.

"ஒங்க முதலாளி வரலியோ? அவருக்குக் கோவமே வராதோ?"

"அவருக்கு எதுக்குக்கா கோவம்? அவரு நெனைக்கதுதான் நடக்குதே" என்றான் கனகசபை. போகிறபோக்கில், "வார புதங்கெழம கல்யாண மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு, குவாரிய இங்கிட்டு நீட்டப் போறோம்லா, அதிகாரிக வாராக. சனங்க வீணா டென்சன் ஆவக் கூடாது பாருங்க. செவ்வாக்கெழமைக்குள்ள எல்லாரையும் எறக்கி வச்சிரச் சொல்லுங்க" என்றான்.

அவளுக்கு என்னமோ நெருடியது, ஆனால் அன்று நாலு மோட்டார் கையில் இருந்தது, வேலையில் மறந்துவிட்டாள். இந்தத் தெரு முன்பெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவையாவது ரோட்டில் குடத்தை அடுக்கி லாரியை மறிக்கிற தெரு. ஆவணியிலிருந்து ஒரு குடம்கூட ரோட்டுக்கு வரவில்லை. லாரி ஏறிக் குடிநீர்க் குழாய் உடைந்தது, ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் எடுத்து வந்தார்கள், வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவளும்தான் பார்த்தாள். வண்டி நன்றாக ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் கண் அவிந்து போய்விட்டது அவளுக்கு.

கண் திறந்தது கூட்டத்துக்கு ரெண்டு நாள் முந்தி, திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட நேரத்தில். சைக்கிளில் போன செல்லக்கிளியின் மகள்மேல் மஞ்சள் லாரி உரசிவிட்டுப் போனது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஆவுடைத்தங்கம் கையில் ஸ்பானரோடு ஓடிவந்து, "மறிங்க! லாரிய மறிங்க!" என்று கத்தினாள். யாரும் ஓடவில்லை. கூடி நின்றார்கள், பிள்ளையை மெதுவாகத் தூக்கினார்கள், "உசுரு இருக்கே, அது போதும்" என்றார்கள். செல்லக்கிளி மகளின் தலையைத் தடவிக்கொண்டு, சாந்தமாக, "டிரைவரு என்ன பண்ணுவான் மைனி, பாவம், அவனுக்கும் அவசரம் இருக்கும்லா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆவுடைத்தங்கத்தின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. 'அடிப்பாவி, நீதானே பண்ணினே' என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். தெருவின் கோபத்தையெல்லாம் வாங்கி, விளக்கெண்ணெய் கலந்து, கோவில்பட்டி ரோட்டில் புகையாக விட்டவள் அவள்தான். கனகசபை கொட்டகை போட்டது சும்மா இல்லை.

அன்றும் மறுநாளும் கொட்டகையில் வரிசை நின்றது. அவள் தடுக்கவில்லை. எல்லோரையும் கொட்ட விட்டாள், விளிம்புவரை நிரம்பட்டும் என்று விட்டாள், வண்டியை ஓரடி நகர்த்தவில்லை. செல்லக்கிளிகூட வந்து, மகள் காலைப் பற்றி நெஞ்சுக்குள் எங்கேயோ ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் காளவாசல் தெரு முழுக்கப் புதுத்துணி உடுத்தி உட்கார்ந்திருந்தது. மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் குவாரி முதலாளி, மைக் பக்கத்தில் கனகசபை. குவாரி தெருவின் முதுகுப்பக்கக் கிணறுகள்வரை வரும், லாரி ரெட்டிப்பாகும், ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். "நடக்கட்டும் சார்" என்றார் பென்ஷன்காரர். "ஆட்சேபணை இல்லை" என்று முத்துமுத்தான எழுத்தில் கையெழுத்துப் போட்டார் ஜெபமணி டீச்சர். பேப்பர் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் படபடபடவென்று சத்தம் கேட்டது.

மூன்று படியையும் ஏறி, வாழைமரத்தை உரசிக்கொண்டு, நடுப்பாதை வழியாக யெஸ்டி உள்ளே வந்தது. ஆவுடைத்தங்கம் மேடைக்கு நேரே வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டு, சைலன்சர் ரெண்டும் சனங்களைப் பார்க்க, ஆக்சிலேட்டரை முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே நின்றாள். நீலப் புகை முதல் வரிசையில் ஏறியது, ரெண்டாவது வரிசையில் ஏறியது, கனகசபை மைக்கில் "அக்கா, அக்கா" என்றது யாருக்கும் கேட்கவில்லை, மிளகாய் நெடியில் சனங்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், அவரவர் இறக்கி வைத்தது அவரவர் மூக்கு வழியாக ஏறி அவரவர் நெஞ்சுக்குள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

முதலில் எழுந்தவள் செல்லக்கிளி. "எம்பிள்ள காலு ஒடிஞ்சு ரெண்டு நாளாச்சு. நான் எதுக்குச் சிரிச்சுக்கிட்டுத் திரியுதேன்? எவம்ல என்னச் சிரிக்க வச்சது?" என்று அவள் போட்ட சத்தத்தில் மேடையில் தண்ணீர் டம்ளர் உருண்டது. ஜெபமணி டீச்சர் நேராகப் போய் அதிகாரி கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கித் தன் கையெழுத்து இருந்த இடத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றார். மாமியாரும் மருமகளும் முதல்முறையாக ஒரே ஆளைத் திட்டினார்கள். வரிசை வரிசையாக எழுந்தது தெரு.

கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, தவசிக்கண்ணு மட்டும் எழவில்லை. அவர் கோபத்தை டேங்க்கில் கொடுத்தவரில்லையே, திரும்பி வர அவருக்கு என்ன இருக்கிறது? அவரைப் பார்த்தபடியே ஆவுடைத்தங்கம் முறுக்கினாள். வண்டி விக்கியது. ரெண்டு தடவை இருமியது. அடங்கியது. தீர்ந்துவிட்டது.

குனிந்து குழாயைத் தொட்டாள். ரிசர்வ். கை நின்றது. அடியில் இருப்பது அவளுடைய நாற்பது நாள், அவளுடைய ஒன்பது வருஷம். அதையும் எரித்துவிட்டால் செல்லக்கிளி சிரித்த சிரிப்பை நாளைக்கு அவளும் சிரிப்பாள், மில் வாசலில் நிற்காமல் போவாள், கனகசபை கொண்டுவந்த பழத்தை உரித்துத் தின்பாள். வெயிலுமுத்துவுக்காக இந்த உலகத்தில் கோபப்பட அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? புத்தி வேண்டாம் வேண்டாம் என்றது. கடைசி வரிசையில் அந்த மனுஷன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயைத் திருப்பினாள். உதைத்தாள்.

வந்த புகை நீலமாக இல்லை, கறுப்பு. அது யாரையும் சீண்டவில்லை, யார்மேலும் நிற்கவில்லை, நடுப்பாதையிலேயே தரையோடு தரையாகப் போய்க் கடைசி வரிசையில் ஒரே ஒரு நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. தவசிக்கண்ணு ஒரு மூச்சு இழுத்தார். ரெண்டு மூச்சு. வண்டி தானாக அணைந்தது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அன்னைக்குக் கரண்டு இல்ல" என்றார். "மில்லு ஓடல. நான் வாசல்லதான் நின்னேன். அந்தப் பய எங்கண்ணு முன்னாலதான் கெடந்து துடிச்சான், தண்ணி கேட்டான். லாரிக்காரன் நிறுத்தி எட்டிப் பாத்துட்டுத்தான் போனான். எழுபத்தி நாலு நாப்பத்தி ஒண்ணு. நான் அதப் பாத்தேன். தெனம் பாக்கேன், அது இன்னும் ஓடுது, முந்தாநேத்து செல்லக்கிளி மவ கால ஒடிச்சதும் அதேதான். எழுபத்தி நாலு நாப்பத்தி ஒண்ணு." முதலாளியைப் பார்த்து விரலை நீட்டி, "எடத்தக் காலி பண்ணணும்னா பண்ணுதேன்லே!" என்று கத்தினார்.

ஆவுடைத்தங்கம் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே ஒன்றும் இல்லை, பெருக்கி மெழுகின வீடு மாதிரி இருந்தது. ஒன்பது வருஷமாகத் தேடிய நம்பர் கிடைத்துவிட்டது, இனி அழலாம், இல்லை சிரிக்கலாம், எது வருகிறது பார்ப்போம் என்று நின்றாள். செல்லக்கிளி ஓடிவந்து ஈர்க்குச்சியை டேங்க்குக்குள் விட்டு, அடிவரை துழாவி எடுத்தாள். நுனிகூட நனையவில்லை. "சொட்டுக்கூட இல்ல மைனி" என்றாள்.

தண்ணி கேட்டான்.

அந்த வார்த்தை அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. நம்பர் அவ்வளவு சின்னது, நாலே நாலு எண், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மறக்காது, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் மாவரைத்திருக்கிறான் இந்த ஆள். தண்ணி கேட்டதற்கு என்ன செய்தான் என்று சொல்லவில்லை, சொல்லவே இல்லை. உள்ளங்காலில் ஆரம்பித்துப் புதுசாக ஒரு சூடு மேலே ஏறியது. பழைய கோபத்தின் மிச்சம் இல்லை இது, இன்றைக்குப் பிறந்தது. இந்தத் தடவை அவள் மூடியைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டாண்டை எடுத்து, ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு உதை விட்டாள்.

காய்ந்த டேங்க்கில் வண்டி பிடித்தது.

தவசிக்கண்ணு நின்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். தெரு வழிவிட்டது. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிட்டவரை அவள் இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

"ஏறும்."

அவர் ஏறினார், பிடித்துக்கொள்ள இடம் தெரியாமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் செல்லக்கிளியும் டீச்சரும் மாமியாரும் மருமகளும் நடக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் ரெண்டு மைல். மண்டபத்துப் படி இறங்கி, மில் வாசலைத் தாண்டி, சாக்கடைக் கரையைத் தாண்டி, வெயிலுமுத்து நின்றுபோன இடத்திலிருந்து மீதி வழியில் வண்டி போனது. பின்சீட்டில் தவசிக்கண்ணு உதட்டுக்குள் எழுபத்தி நாலு நாப்பத்தி ஒண்ணு, எழுபத்தி நாலு நாப்பத்தி ஒண்ணு என்று முனகிக்கொண்டே வந்தார்.

"சத்தமா" என்றாள் ஆவுடைத்தங்கம், திரும்பிப் பார்க்காமல்.